கோத்தகிரிப் பக்கம் ஞாயிறு மாலைப் படம்: சப்டைட்டில் படிக்காதவர்களுக்கு எதைப் போடலாம்?

கோடநாடு ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கோத்தகிரிக்கும் கோடநாட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சமுதாயக் கூடத்தில் நல்ல வெள்ளைச் சுவர் இருக்கிறது, ப்ரொஜெக்டர் இரவல் கிடைக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, டிவியிலும் தியேட்டரிலும் வராத ஒரு நல்ல படம் போடலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.

வரப்போகிறவர்கள் யார் என்றால், கொழுந்து பறிக்கும் அக்காமார்கள், அரை ஏக்கர் ஒரு ஏக்கர் சொந்தத் தேயிலை வைத்திருப்பவர்கள், இலை லாரி ஓட்டும் டிரைவர்கள், பிளஸ் டூ பிள்ளைகள், அப்புறம் என் அம்மா. ஆங்கில சப்டைட்டிலை ஓடுகிற வேகத்துக்குப் படிக்கப் பிள்ளைகளே திணறுவார்கள். மற்றவர்களைக் கேட்கவே வேண்டாம்.

'பார்த்தே ஆகவேண்டிய நூறு படங்கள்' மாதிரிப் பட்டியல் எனக்கு வேண்டாம். அதை மேலிருந்து கீழாகப் போட்டால் இரண்டாவது மாதமே கூடம் காலியாகிவிடும். ஒரு படம் சொன்னால் போதும். அது யாருக்கு, ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் நான் சொல்கிறேன். அம்மாவுக்காக யோசித்தது ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த டோக்கியோ ஸ்டோரி. ஒனோமிச்சி என்ற சின்ன ஊரிலிருந்து வயதான கணவனும் மனைவியும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள். மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். யாருக்கும் நேரமில்லை. செலவு செய்து கடற்கரை ஊர் ஒன்றில் விடுதி பிடித்து அனுப்பிவைக்கிறார்கள், அங்கே ராத்திரி முழுக்க ஒரே பாட்டும் கூச்சலும். மறுநாள் காலை இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கே போய்விடலாம் என்று பேசிக்கொண்டு எழும்போது அந்த அம்மாவுக்கு ஒரு நொடி தலை சுற்றுகிறது. அவ்வளவுதான் காட்சி. போரில் இறந்துபோன மகனின் மனைவி நொரிகோ மட்டும்தான் ஆபீசுக்கு லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். இத்தனைக்கும் படத்தில் யாருமே கெட்டவர் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பேச்சு புரியாவிட்டாலும் அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கும் இருவரை அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் முதல் படமாக இதைப் போடத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

அரவங்காடு ஷிஃப்ட்:

டிரைவர்கள் வருவார்கள் என்றீர்களே, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: த வேஜஸ் ஆஃப் ஃபியர். பிரெஞ்சுப் படம், இயக்கம் ஆன்ரி ஜார்ஜ் க்ளூசோ, 1953. அதே ஆண்டில் கான் விழாவிலும் பெர்லின் விழாவிலும் முதல் பரிசு வாங்கிய படம்.

தென் அமெரிக்காவில் ஓர் ஒதுக்குப்புற ஊர். பிழைக்க வந்து மாட்டிக்கொண்ட பல நாட்டு ஆட்கள், திரும்பிப் போகக் கையில் காசில்லாமல் கிடக்கிறார்கள். தூரத்து எண்ணெய்க் கிணறு ஒன்று தீப்பிடித்து எரிகிறது. அதை வெடி வைத்துத்தான் அணைக்க முடியும். அதற்கு நைட்ரோகிளிசரினை லாரியில் ஏற்றி மலை ரோட்டில் கொண்டுபோக வேண்டும். இரண்டு லாரி, லாரிக்கு இரண்டு பேர். போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 2000 டாலர். குலுங்கினால் ஒன்றும் மிஞ்சாது.

நான் இருப்பது கார்டைட் ஃபேக்டரி ஊர். கார்டைட் என்பதே நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் சேர்த்துச் செய்வதுதான். அந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் பக்கத்து வீடுகளில் பேச்சு ஒரு கணம் நிற்கும். அதனால் எனக்கு இந்தப் படம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறும் ஆளுக்கு இதில் வேறு ஒன்று கிடைக்கும். ஒரு வளைவில் லாரி ஒரே மூச்சில் திரும்பாது. பின்னால் எடுத்து ஒடித்துத் திருப்ப வேண்டும். பின்பக்கம் இருப்பதோ பள்ளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தளம், பலகையெல்லாம் உளுத்துப்போனது. ஒருவர் இறங்கி நின்று 'வா வா' என்று கை காட்டுகிறார். பின்சக்கரம் பலகை மேல் ஏறுகிறது. அந்த இடத்துக்கு எந்த மொழி சப்டைட்டிலும் வேண்டாம். எங்கள் ஊர் லாரி கிளீனரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் அவரே கூடத்துக்குள் எழுந்து நின்று கை காட்டுவார்.

பந்தலூர் மழை:

கோடநாடு அக்கா, சப்டைட்டிலை நினைத்துக் கவலைப்படும் முன்னால் ஒன்று யோசியுங்கள். இந்த மலையில் நமக்கு எத்தனை மொழி இருக்கிறது? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு மலையாளம் புரியும். படுகர் பலருக்குக் கன்னடம் ஓரளவு காதில் ஏறும். டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயன் வீடுகளில் இருக்கும் எங்கள் பெரியவர்கள் சிலருக்குச் சிங்களம் தெரியும். இதை வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டலாம்.

எங்கள் அப்பாயி பதுளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த குடும்பம். அவருக்கு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய கம்பெரலிய படத்தைக் காட்டினேன். 1963இல் வந்தது, மார்ட்டின் விக்கிரமசிங்க எழுதிய நாவல். தென்னிலங்கைக் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுக் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவதும், அந்த வீட்டுப் பெண் நந்தாவுக்கு அந்தஸ்து பார்த்து ஒருவனைக் கட்டிவைப்பதும்தான் கதை. 1965 டெல்லி சர்வதேச விழாவில் முதல் பரிசான தங்க மயில் வாங்கியது. அந்தக் காலத்துச் சிங்களப் படங்கள் பலவும் நம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில், நம் சினிமா பாணியிலேயே எடுக்கப்பட்டவை. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படமே மதுரை ஸ்டுடியோவில் எடுத்ததுதான். அந்தப் பழக்கத்திலிருந்து விலகி, நிஜ வீட்டுக்குள்ளும் நிஜ வெளிச்சத்திலும் கேமராவைக் கொண்டுபோய் வைத்தவர் பீரிஸ்.

அப்பாயி படம் பார்க்கப் பார்க்க எனக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். வழக்கமாக வீட்டில் நாங்கள்தான் அவருக்கு எல்லாம் விளக்குவோம், போன், பேங்க் மெசேஜ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று. அன்றைக்குச் சப்டைட்டிலில் விட்டுப்போனதைக்கூட அவர்தான் எடுத்துச் சொன்னார். "இவ வாயால சரிங்கிறா, மனசுல இல்ல, அந்தப் பேச்சு அப்படி" என்றார். இந்த மாதிரி ஒருவர் கூடத்தில் இருந்தால் படத்தை அவரே நடத்திவிடுவார்.

மலையாளம் புரிகிற பிள்ளைகளுக்கு அரவிந்தனின் கும்மாட்டி (1979). முகமூடிகளோடு ஊருக்கு வரும் கிழவன் பாட்டுப் பாடிக் குழந்தைகளை மிருகங்களாக மாற்றுகிறான். ஒரு பையன் மட்டும் நாயாகவே நின்றுவிடுகிறான். 2021இல் படத்தைப் புதுப்பித்துச் சுத்தமான பிரதி எடுத்திருக்கிறார்கள். பச்சை அவ்வளவு பச்சையாக இருக்கிறது.

பாலாடா:

கன்னடத்துக்குத் திதி (2015). நூற்றியொரு வயதுக் கிழவர் இறந்துபோகிறார், பதினோராம் நாள் காரியம் நடக்க வேண்டும், அதற்குள் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். மண்டியா பக்கத்துக் கிராமத்து ஆட்களே நடித்திருக்கிறார்கள். நிலப் பத்திரத்துக்காகப் பேரன் படும் பாட்டைப் பார்த்தால் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) எல்லோரும் யாரோ ஒருவர் பெயரைச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் படமில்லை, பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம்.

தமிழிலேயே ஒன்று. கேத்தி ஸ்டேஷனுக்கு வரும் ஒவ்வொருவரும் "இதுதான் மூன்றாம் பிறை ஸ்டேஷன்" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே பாலு மகேந்திரா 1988இல் எடுத்த வீடு படத்தை எங்கள் பக்கம் பார்த்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். கடன், கான்ட்ராக்டர், சிமெண்ட், அனுமதி. பாட்டே கிடையாது. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருகிறார். முடியாத வீட்டைத் தனியாகப் பார்க்க வந்து, பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். வீடு கட்டிய யாரும் அந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

பூம்பாறை:

பழனி மலைக்காரன் ஒருவனும் உள்ளே வரலாமா? எனக்கு இந்தப் போக்கில் ஒரு வருத்தம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டிரைவருக்கு லாரிப் படம், மகன் வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு டோக்கியோ ஸ்டோரி, வீடு கட்டியவருக்கு வீடு. இப்படிப் போனால் கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கூலி வேலைப் படம் என்று நிற்கும். தன் வாழ்க்கையைத் திரும்பப் பார்ப்பதற்கு மட்டுமா மனிதன் சினிமா பார்க்கிறான்? தான் காணாததைக் காண அவருக்கு ஆசை இருக்காதா? படித்தவர்கள் மட்டும் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் படம் பார்க்க வேண்டும், எஸ்டேட் ஜனத்துக்கு ஏழைக் குழந்தைப் படம் போதும் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

நான் சொல்வது தார்க்கோவ்ஸ்கியின் மிரர் (1975). கதை கோவையாகப் போகாது. ஒருவன் தன் அம்மாவை, பால்ய வீட்டை, போர்க்காலத்தை நினைத்துக்கொள்கிறான், அந்த நினைப்பு வருகிற வரிசையில் படம் போகிறது. இதைக் காட்டினால் எழுந்து போய்விடுவார்கள் என்பீர்கள். நான் எங்கள் ஊரில் பூண்டு போடும் விவசாயிகள் நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு முன் அவர்களிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். இந்த டைரக்டருக்குச் சின்ன வயதில் வீட்டுக்கு எதிரே பக்வீட் என்ற தானியம் விளைந்த வயல் இருந்தது, வெள்ளையாகப் பூக்கும். படம் எடுக்கப் போனபோது அந்த நிலத்தில் வேறு பயிர் இருந்தது. அங்கிருந்த விவசாயிகள் இந்த மண்ணில் அது வராது என்றார்கள். இவர் நிலத்தை வாடகைக்குப் பிடித்து, தம் பொறுப்பில் விதைக்கவைத்து, பூக்கும் வரை காத்திருந்தார். பூத்தது.

அவ்வளவு சொன்னது போதுமாக இருந்தது. படத்தின் ஆரம்பத்தில் வழி தவறி வந்த டாக்டர் ஒருவர் வயலில் நடந்து போகும்போது காற்று புல் மேல் அலையாக எழுந்து வரும். "மழைக் காத்து" என்றார் ஒருவர். அடுத்தவர் இல்லை என்றார், காற்று வரும் திசையைச் சொல்லி இருவரும் வாதம் பண்ணினார்கள். சினிமா விமர்சனத்தில் நான் அந்தக் காட்சியைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். காற்றை இவ்வளவு கவனமாகப் பார்த்த ஒருவரையும் வாசித்ததில்லை.

கோடநாடு ரோடு:

பூம்பாறை அண்ணா, கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொன்னதை அம்மாவிடமே வாசித்துக் காட்டினேன். ஆனால் நீங்களே என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் நுழைய ஒரு வாசலைத் திறந்துவிட்டுத்தான் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். விவசாயியிடம் விதைப்பிலிருந்து ஆரம்பித்தீர்கள். நான் கேட்பதும் அதைத்தான். உள்ளே போன பிறகு எவ்வளவு தூரம் போவது என்பது அவரவர் பாடு.

ஏழைகளைப் பற்றிய படம் ஏழைகளுக்கு என்று நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஒதுக்கித் தள்ளவும் மனமில்லை. இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் பைசைக்கிள் தீவ்ஸில் (1948) ஓர் இடம் இருக்கிறது. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அதற்கு சைக்கிள் வேண்டும், சைக்கிள் அடகில் இருக்கிறது. மனைவி கட்டிலிலிருந்து விரிப்புகளை உருவிக்கொண்டுபோய் அடகு வைத்து சைக்கிளை மீட்கிறாள். அடகுக் கடைக்காரன் அந்தத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறான். ஏறிக்கொண்டே இருக்கிறான், கூரை வரைக்கும் மூட்டைகள். ஊரே விரிப்பை அடகு வைத்திருக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் டி சிகா ரோம் நகரத்தின் நிலைமையைச் சொல்லி முடித்துவிடுகிறார். இலை விலை விழுந்த வருஷங்களில் நகையோடு கோத்தகிரிக்குப் போய்த் திரும்பிய பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தக் காட்சியின் முழு எடையும் அவர்களுக்குத்தான் தெரியும். என்னைவிட, உங்களைவிட.

பூம்பாறை:

அந்த அடகுக் கடைக் காட்சிக்கு என்னிடம் பதில் இல்லை, தங்கச்சி. போடுங்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது மிரர் மாதிரி ஒன்றைப் போடுவீர்கள் என்று வாக்குக் கொடுங்கள்.

இந்து நகர்:

பிள்ளைகள் பேசுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் ஊட்டி பிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ பேப்பர், சினிமா பாசிட்டிவ் எல்லாம் இங்கிருந்துதான் போனது. தூசியில்லாத காற்று, குளிர்ச்சி, அதனால் இந்த மலை. இப்போது எல்லாம் மூடிக் கிடக்கிறது.

படம் எதைப் போடுவது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எப்படிப் போடுவது என்று நான் கொஞ்சம் சொல்கிறேன்.

ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து, ஒளி ஊடுருவும் சுருள் மேல் மெல்லிசாகப் பூசுவதுதான் பிலிம். அதை வெளிச்சத்தில் செய்ய முடியாது. சில வகைக்கு மங்கலான சிவப்பு விளக்கு இருக்கும், சில வகைக்கு அதுவும் கிடையாது. எதிரே வருபவர் மேல் மோதாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே நடப்போம். கறுப்புக்குள் எத்தனை கறுப்பு உண்டு என்று எங்களுக்கு அப்போது பழகியது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தவர்கள் அந்த ஒவ்வொரு கறுப்பையும் எண்ணி எண்ணி வைத்திருக்கிறார்கள். சத்யஜித் ராயின் வங்காளப் படமான பாதேர் பாஞ்சாலியில் சுப்ரதா மித்ரா ஒளிப்பதிவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21, சினிமா கேமராவை முன்பின் இயக்கியதில்லை. அடுத்த படம் அபராஜிதோ (1956). காசி நகரத்து வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் கட்டினார்கள். மேலேயிருந்து வானத்து வெளிச்சம் இறங்குவது மாதிரி வேண்டும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் பட்டுத் திரும்பும்படி அடித்தார். நிழலின் விளிம்பு மிருதுவாகி, நிஜ முற்றம் போலவே ஆகிவிட்டது. ஸ்டுடியோ என்று சொன்னாலும் நம்ப முடியாது.

இதையெல்லாம் ஜன்னல் திறந்த கூடத்தில் போட்டால் சாம்பல் நிறம்தான் தெரியும். ஜன்னலுக்குக் கம்பளி கட்டுங்கள். ப்ரொஜெக்டரில் 'விவிட்', 'டைனமிக்' என்று இருப்பதை அணைத்துவிட்டு 'சினிமா' என்பதில் வையுங்கள். டிவியில் பார்ப்பதானால் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், படத்தைச் சுவர் முழுக்க இழுக்காதீர்கள். 1953க்கு முன் எடுத்த படம் அநேகமாக எல்லாம் கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சுவர் காலியாக நிற்கிறதே என்று இழுத்துவிட்டால் மனிதர்கள் குட்டையாகிவிடுவார்கள். பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். ஓசு கேமராவைப் பாய் மேல் உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்துக்கும் கீழே வைத்து எடுத்தவர். சட்டத்தின் கீழ் ஓரத்தில் ஒரு கெண்டி இருந்தால் அது அங்கே இருக்க வேண்டும் என்றுதான் வைத்திருப்பார்.

குன்னூர் மூடுபனி:

ஐயா எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

என் பங்குக்கு லேண்ட்ஸ்கேப் இன் த மிஸ்ட். கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்சலோபூலோஸ், 1988. அக்காவும் தம்பியும் அப்பா ஜெர்மனியில் இருக்கிறார் என்று நம்பி ரயிலேறிவிடுகிறார்கள். பனி, ஈரமான தார் ரோடு, ரயில் நிலையங்கள். ஓரிடத்தில் பனி பெய்யத் தொடங்கியதும் பெரியவர்களெல்லாம் நின்ற நிலையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உறைந்துவிட, பிள்ளைகள் இருவரும் அவர்களுக்கு நடுவே ஓடித் தப்பிக்கிறார்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு வெளியே எதிர்வீடு தெரியாத நாளில் இதைப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும்.

பந்தலூர் மழை:

குன்னூர், அருமையான படம், ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டாம். அந்தச் சிறுமிக்கு ஒரு லாரிக்காரனால் நேரும் கொடுமை அதில் இருக்கிறது. கேமரா அதைக் காட்டுவதில்லை, லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி வெளியே நிற்கிறது. காட்டாததால் இன்னும் பயங்கரமாக இருக்கிறது. பெரியவர்களுக்குமே முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். பரிந்துரைக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமியின் வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் (1987) இருக்கிறதே. ஒரு பையன் பக்கத்துச் சீட்டு நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். நாளைக்கு நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் அந்த நண்பனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். நண்பனின் வீடு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், எந்த வீடென்று தெரியாது. அம்மாவிடம் சொல்லப் பார்க்கிறான். அவளோ குழந்தையை ஆட்டு, துணியை எடுத்து வா, வீட்டுப்பாடத்தை முடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எந்தப் பெரியவரும் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் முழுதாகக் கேட்பதில்லை. பையன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலைமேல் வளைந்து வளைந்து போகும் பாதையில் ஓடுகிறான், உச்சியில் ஒற்றை மரம். எஸ்டேட் ஸ்கூலுக்கு மேடேறி நடந்து போகும் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கும். 1990 நிலநடுக்கத்தில் அந்தப் பகுதி இடிந்துபோனது. படத்தில் நடித்த பிள்ளைகளைத் தேடிப் போகும் இயக்குநரின் கதையாகவே கியாரோஸ்தமி 1992இல் இன்னொரு படமும் எடுத்தார். முதலாவதைப் பார்த்த பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

அரவங்காடு ஷிஃப்ட்:

இன்னும் ஒன்று மட்டும். இகிரு (1952), ஜப்பானிய இயக்குநர் குரோசாவா எடுத்தது. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்திய அதிகாரிக்குப் புற்றுநோய். தெருவில் சாக்கடை தேங்குகிறது, அங்கே பூங்கா வேண்டும் என்று பெண்கள் சிலர் மனுவோடு வருகிறார்கள். அவர்களை ஒவ்வொரு பிரிவாக, ஒவ்வொரு ஜன்னலாக அலையவிடுவதைப் பத்துப் பதினைந்து துண்டுக் காட்சிகளில் காட்டுவார். மனு கொடுத்துக் கால் தேய்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கோடநாடு ரோடு:

ஊரில் பேசியாயிற்று. முதல் மாதம் த வேஜஸ் ஆஃப் ஃபியர். வண்டி ஓட்டுபவர்கள் வந்தால் வீட்டோடு வருவார்கள் என்பதுதான் காரணம். இரண்டாம் மாதம் பிள்ளைகளுக்கு நண்பன் வீடு, மூன்றாவது பைசைக்கிள் தீவ்ஸ். அம்மாவின் டோக்கியோ ஸ்டோரி பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கும்போது, அவர்களும் உட்கார்ந்து பார்க்கட்டும். பூம்பாறை அண்ணாவுக்கு வாக்கு: ஆறாவது மாதம் மிரர், முன்னுரை சொல்ல நீங்களே வர வேண்டும்.

தமிழ் சப்டைட்டில் நாமே போடலாமா? செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பாலாடா:

செய்திருக்கிறேன் அக்கா. ஆங்கில எஸ்ஆர்டி கோப்பை (சப்டைட்டில் இருக்கும் கோப்பு) நோட்பேடில் திறந்தால் நேரமும் வசனமும் வரிவரியாக இருக்கும். நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் மாற்றி, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ் கட்டம் கட்டமாக வரும். தமிழ் வார்த்தை நீளம், அதனால் ஆங்கிலத்தில் இருப்பதை எல்லாம் கொண்டுவர முயலாதீர்கள். "நாளைக் காலையில் நான் அங்கே வந்து உன்னைப் பார்க்கிறேன்" என்பதற்கு "காலையில் வர்றேன்" போதும். எழுத்தைப் பெரிதாக, மஞ்சளாக, கறுப்பு விளிம்போடு வையுங்கள். வெள்ளைச் சட்டை மேல் வெள்ளை எழுத்து வந்தால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. நம் பக்கத்து அக்காமார்களில் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களும் உண்டு, அவர்களுக்காக யாராவது ஒருவர் மெதுவான குரலில் வாசித்தால்கூடத் தப்பில்லை. ஜப்பானில் மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், பென்ஷி என்று பெயர். அவர்களுக்காகவே படத்துக்கு வந்த கூட்டம் உண்டு.

இந்து நகர்:

ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா. வீட்டில் பார்ப்பது வேறு, ஊரைக் கூட்டிக் காட்டுவது வேறு. டிக்கெட் இல்லையென்றாலும் உரிமை உள்ளவரிடம் கேட்க வேண்டும். நம் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். பழைய படத்துக்கு அது முடிந்திருந்தாலும், கதைக்கும் இசைக்கும் தனி உரிமை இருக்கலாம். புதுப்பித்த பிரதியை வெளியிட்ட நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். சின்ன ஊர், இலவசக் காட்சி என்று சொல்லிக் கேட்பதில் நஷ்டமில்லை.

குன்னூர் மூடுபனி:

வேஜஸ் படத்தில் லாரி கிளம்பவே ஒரு மணி நேரம் ஆகிறது. முதல் பகுதியில் சும்மா வெயிலில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் பொறுக்குமா? கொஞ்சம் ஓட்டிவிட்டுப் போடலாமே.

அரவங்காடு ஷிஃப்ட்:

ஓட்டவே கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாலு பேரும் யாரென்று தெரிகிறது. யார் வீரம் பேசுகிறான், யார் அமைதியாக இருக்கிறான் என்று அங்கே பார்த்துவைத்தால்தான் ரோட்டில் ஏறிய பிறகு யார் கை நடுங்குகிறது என்பது உறைக்கும். அதை வெட்டிவிட்டால் வெறும் லாரிதான் மிஞ்சும்.

சப்டைட்டிலில் அந்த முதல் மணி நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், பேச்சு முழுக்க அங்கேதான். பாலாடா, பின்பாதி உங்களுக்கு, வசனம் குறைவு. பிரதி எடுக்கும்போது ஓடும் நேரத்தைப் பாருங்கள் கோடநாடு. அமெரிக்காவில் வெளியானபோது எண்ணெய்க் கம்பெனியைக் குறைசொல்லும் இடங்களை வெட்டிவிட்டார்கள், அந்தக் குட்டைப் பிரதியும் உலவுகிறது. இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் முழுப்படம். இடைவேளையை லாரி கிளம்பும் இடத்தில் விடுங்கள். டீயை அதற்குள் குடித்துவிடட்டும், அப்புறம் யாரும் டம்ளரைக் கையில் எடுக்க மாட்டார்கள்.